ஊருக்கு ஒரு கை

அந்த ஞாயிறு மாலை வாமதேவன் திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் தேர்தலில் வென்ற பிரெஞ்சு ஜனாதிபதியின் முகம் தெரிந்தது. 1988 மே மாதம்.

"இஞ்சாரும், காலமை கீழ்வீட்டு ரோசாலி அக்கா வாக்குப் போடேக்கை நான்தான் அவவின்ரை பையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அவவுக்கும் ஒரு வாக்குக் கவர், பின்னாலை வந்த டொக்டருக்கும் ஒரு வாக்குக் கவர். எங்கடை சங்கத்திலை என்னடாவெண்டால் ஊருக்கு ஒரு கை!"

"சிரட்டை வரைக்கும் திருவாதேங்கோ, கறுப்பு விழுகுது," என்றாள் மனைவி கோசலை.

மறுநாள் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவும்போது விழுந்தவர், எழும்பவில்லை.

லா ஷப்பலில் அவர்களுடைய புலம்பெயர்ந்த தமிழர் சங்கத்துக்குத் தாய்நாட்டின் ஒன்பது ஊர்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பிரதிநிதி. அந்த ஒன்பது பேரும் கை தூக்கித்தான் தலைவரைத் தெரிவுசெய்வார்கள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தலைவர் பதவிக்கு நிற்கும் குலசேகரத்தின் ஊரார் எண்பது பேருக்கு மேல். அவர்களுக்கும் ஒரு கை. தீவுப்பக்கத்துச் சின்ன ஊர்க்காரரான வாமதேவனுக்கும் ஒரு கை. அது தன் ஊருக்கு லாபம் என்று தெரிந்தும், எல்லாருக்கும் வாக்கு வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்றவர் அவர்தான்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கிழமை தவரத்தினம் வீட்டுக்கு வந்தான். தலைவர் பதவிக்குக் குலசேகரத்தை எதிர்த்து நிற்பவன். செத்தவீட்டுக் காரியம் எல்லாவற்றுக்கும் ஓடித்திரிந்தவனும் அவன்தான். விசா, அகதி விண்ணப்பம் என்று எந்த ஊர்ப் பெடியன் வந்தாலும் கூடப் போவான். குலசேகரமோ, வந்தவன் தன் ஊரானா என்று முதலில் விசாரிப்பார்.

"அக்கா, நாலுக்கு நாலாய் நிக்குது. அண்ணையின்ரை இடத்துக்கு நீங்கள் வரவேணும். ஒரு கை, அவ்வளவுதான்."

"வாறன். ஆனால் முதலிலை எல்லாருக்கும் வாக்கு எண்டு கேப்பன்."

தவரத்தினம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தான். "விசர்க்கதை கதையாதேங்கோ. எல்லாரும் கை தூக்கினால் குலசேகரம்தான் வெல்லுவார்."

"தெரியும்."

"அண்ணைக்கு அந்தாளைக் கண்ணிலை காட்டக் கூடாது!"

"அதுவும் தெரியும்."

அவன் போனபின் அவள் நெடுநேரம் இருந்து யோசித்தாள். புருஷன் விரும்பியவை இரண்டு. இரண்டும் ஒன்றாக நடக்காது. தவரத்தினத்தைத் தலைவராக்குவது அவள் பட்ட கடனுக்குச் சரி. ஆனால் அவர் வாய் ஓயாமல் கேட்டது அதுவல்ல.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. கோசலை எழுந்து, எல்லாருக்கும் வாக்கு வேண்டும் என்று கேட்டாள். குலசேகரத்தின் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது: "அக்காவின்ரை ஊர்ச்சனம் எல்லாம் ஒரு டாக்சிக்கை அடங்கும். அதுக்குள்ளை நியாயம் கதைக்கிறா!"

மண்டபம் சிரித்தது.

"ஓம் தம்பி," என்றாள் கோசலை. "அதைத்தான் நானும் கேக்கிறன். டாக்சிக்கும் ஒரு கை, ரயிலுக்கும் ஒரு கையோ?"

சிரிப்பு மற்றப் பக்கம் திரும்பியது. குலசேகரத்துக்குக் கணக்கு உடனே விளங்கிவிட்டது. அவரும் அவர் பக்கத்து மூவரும் அவள் கேட்டதற்குக் கை தூக்கினார்கள். ஐந்தாவது கை கோசலையுடையது. தவரத்தினம் அவளைப் பார்க்கவில்லை.

பிறகு மண்டபம் முழுவதும் வாக்களித்தது. பின்னால் பிள்ளையை மடியில் வைத்திருந்த மரியகொறற்றி, "நாங்களுமோ?" என்று கேட்டாள். "நீயும்தான், தூக்கு," என்றாள் கோசலை.

தவரத்தினத்துக்குக் கை கேட்டபோது கோசலை முழங்கை மடியாமல் தூக்கினாள். போதவில்லை. குலசேகரம் மாலை போட்டுக்கொண்டார்.

வாசலில் தவரத்தினம் அவளை மறித்தான். "அண்ணை இருந்திருந்தால் இதைச் செய்திருப்பாரோ?"

"செய்துபோட்டு உம்மிட்டைப் பேச்சும் வாங்கியிருப்பார். அடுத்த வருசமும் நில்லும். இண்டைக்கே வீடு வீடாய்ப் போகத் தொடங்கும். நானும் வாறன்."

அவன் வழிவிட்டு விலகித் தெருவுக்கு இறங்கினான்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கோசலை தனியே போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். மூன்று மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். புதிய தலைவரின் கூட்டமும் வழமைபோல நாலு மணிக்குத்தான் தொடங்கியது.