தோளில் அரை மணி நேரம்

…ஹால் கடிகாரம் ஐந்து நிமிடம் கூட ஓடுகிறது, அதைக் கழித்தால் பத்து இருபத்தைந்து, இப்போதுதான் அஷ்பாக் பால் குடித்து முடித்தான், அப்படியென்றால் பத்து ஐம்பத்தைந்து வரைக்கும் இவனைத் தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், உடனே படுக்க வைக்கக்கூடாது, தூளியில் போட்டு ஆட்டக்கூடாது, வயிற்றை அமுக்கக்கூடாது, டாக்டரம்மா தாளில் எழுதியே கொடுத்தார், அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன், மறுநாள் காலையில் பார்த்தால் அதன் மேல் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ ஒட்டியிருக்கிறது. மாமி வேலைதான், வேறு யார் செய்வார்கள்? ஐந்து மாதப் பிள்ளை பால் கக்குவதற்கு என் மாமியார் காசிம் பீவி எத்தனை காரணம் சொல்லிவிட்டார், என் பால் சூடு, நான் கத்தரிக்காய் தின்றேன், தலை குளித்த ஈரத்தோடு பால் கொடுத்தேன், எதிர்வீட்டுக்காரி கண் வைத்தாள்… எல்லாம் சொல்லி ஓய்ந்து கடைசியில் தொக்கம் என்று வந்து நின்றார். தொண்டைக்குக் கீழே ஏதோ தின்பண்டம் சிக்கியிருக்கிறதாம், அதை வாயால் உறிஞ்சி எடுத்துவிட்டால் கக்குவது நின்றுவிடுமாம். பாலைத் தவிர ஒன்றும் உள்ளே போகாத பிள்ளைக்குத் தின்பண்டம் எங்கிருந்து வந்தது? கேட்டேனா நான்? வாயை மூடிக்கொண்டு இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை தொக்கம் எடுக்கிற பாவாடை என்கிறவர் வந்து ஒரு தரம் எடுத்துவிட்டுப் போனார், மிச்சம் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதாம், இன்றைக்குப் பதினோரு மணிக்கு மறுபடி வருகிறார். வரட்டும், பிள்ளையை நான் கொடுத்தால்தானே.

முதுகைத் தட்டுகிறேன், ஏப்பம் வரமாட்டேன் என்கிறது, வலது தோள் மரத்துப்போய்விட்டது, இடது தோளுக்கு மாற்றினால் அழுவான், அழுதால் வயிறு இறுகிக் கக்குவான், கக்கினால் சமையலறையிலிருந்து மாமி ‘பாத்தியா’ என்பார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சனிக்கிழமை டாக்டரம்மா இவனை எடை மெஷினில் வைத்தபோது ஏழு கிலோவுக்கு நூறு கிராம்தான் குறைவு, போன மாதத்தைவிட நன்றாக ஏறியிருக்கிறான், வாந்தி பச்சையாக வருகிறதா, ரத்தம் கலந்து வருகிறதா, பால் குடிக்க மறுக்கிறானா என்று கேட்டார், ஒன்றும் இல்லை, அப்படியென்றால் கவலை வேண்டாம், சுருக்குப்பை பார்த்திருக்கிறாயா என்றார். இரைப்பையின் வாய் ஒரு சுருக்குப்பை மாதிரியாம், பிறந்த பிள்ளைக்கு அந்தச் சுருக்கு இன்னும் இறுகவில்லை, பை நிறைந்து படுத்தால் குடித்தது மேலே வரத்தான் செய்யும், உட்கார்ந்து நடக்கிற வயதில் தானாக இறுகிவிடும். அவ்வளவுதான். இதற்காகவா நான் கத்தரிக்காய் தின்னாமல் இரண்டு மாதம் கிடந்தேன்?

அதோடு விட்டாரா இவர்? அஷ்பாக்கின் அத்தா, என் வீட்டுக்காரர் ஜுல்பிகர், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்புக் கடை வைத்திருக்கிறார், பிள்ளைக்குக் காட்டப் போன இடத்தில் தன் நெஞ்செரிச்சலையும் எடுத்து வைத்தார். கடையைச் சாத்திவிட்டு வந்து ஐந்து பரோட்டாவைச் சால்னாவில் ஊற வைத்துத் தின்பார், தின்ற கையோடு படுப்பார், தூக்கத்தில் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வந்து எழுந்து இருமுவார், தலைமாட்டில் ரோஸ் கலர் மருந்து பாட்டில், அதை மூடியில்கூட ஊற்றமாட்டார், பாட்டிலோடு வாயில் கவிழ்ப்பார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, பிள்ளைக்குச் சுருக்கு இன்னும் இறுகவில்லை, உங்களுக்கு இறுகியிருந்தது தளர்ந்துவிட்டது, அவனுக்குத் தானாகச் சரியாகும், உங்களுக்கு ஆகாது, சீக்கிரம் சாப்பிடுங்கள், சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்காதீர்கள், கட்டிலில் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வையுங்கள் என்றார். செங்கல்லா, வைத்தாரா? வண்டியில் திரும்பி வரும்போது இவர் சொன்னது வேறு, டாக்டரு ஆயிரம் சொல்வாங்க, அம்மா மனசு ஆறட்டுமே, இன்னொரு வாட்டி எடுத்தா இன்னா ஆயிடப் போவுது. இன்னா ஆயிடப் போவுதா? உங்கள் தொண்டையில் எரிந்தால் மருந்து, என் பிள்ளை தொண்டையில் வந்தால் அந்த ஆள் வாயா? இத்தனை வருடம் ஏப்பம் விடுகிறாரே, ஒருநாளாவது அவர் நெஞ்சில் யாராவது குழாய் வைத்து உறிஞ்சினார்களா? வண்டியிலேயே கேட்டிருக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்துகொண்டு வரும்போது எல்லாக் கேள்வியும் வருகிறது, இறங்கினால் போய்விடுகிறது.

பத்து நாற்பது. கழுத்தில் வாயை வைத்து எச்சில் ஒழுக்குகிறான், சூடாக இருக்கிறது, தூங்கிவிடாதே கண்ணு… கண்ணு என்று நான் கூப்பிட்டதில்லை, இது தைலம்மாளின் வாய். கல்வராயன் மலையில் சாமை விளைகிற ஊர் அவளுக்கு, மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு கச்சிராயபாளையத்துக்கு இறங்கி வந்துவிட்டாள், பிள்ளை பிறந்த பதினோராம் நாளிலிருந்து தினமும் டவுன் பஸ் பிடித்து வந்து இவனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவாள், குளிப்பாட்டி முடித்துத் துடைத்துச் சாம்பிராணி காட்டி, பால் குடித்ததும் என்னிடமிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் சமையலறைக்கும் நடப்பாள். தூளியில் போடு என்று மாமி கத்தினால், இரும்மா, இறங்கட்டும் என்பாள். அவளுக்கு எந்தச் சுருக்கும் தெரியாது, பிள்ளையைக் கீழே விட மனசில்லாமல்தான் நடந்தாள். தப்பும் சொல்லியிருக்கிறாள், நாலு மாதத்திலேயே சாமைக் கஞ்சியை வடிகட்டி ஒரு சங்கு கொடுத்தால் கக்கமாட்டான் என்றாள், ஆறு மாதம் வரைக்கும் எதுவும் கூடாது என்று நான் சொன்னதும் விட்டுவிட்டாள். அதை நான் மாமியிடம் சிரிப்பாகச் சொன்னேன். எதற்குச் சொன்னேன்? அன்றைக்கு மாமி என்னிடம் முகம் கொடுத்துப் பேசினார், பேச்சு நீள வேண்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அதுதான் அவளுக்கு வினையானது.

போன செவ்வாய்… நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் வருகிறது. பாவாடை வந்ததும் டீயும் தட்டில் நான்கு எள்ளு முறுக்கும் கொண்டுபோய் வைத்தது நான், ரிஷிவந்தியத்திலிருந்து என் அம்மா டின்னில் போட்டுக் கொண்டுவந்த முறுக்கு, கறுப்பு எள்ளு போட்டது, இந்தத் தெருவிலேயே வேறு வீட்டில் கிடையாது. மூன்று தின்றதைப் பார்த்தேன், நாலாவதைத் தின்றதைப் பார்க்கவில்லை, தட்டு காலி. அப்புறம் சொம்புத் தண்ணீரில் மூன்று தரம் கொப்பளித்து வாயைத் திறந்து எல்லோருக்கும் காட்டினார், காட்டிவிட்டுத் தோள்துண்டால் வாயை ஒற்றினார், மறுபடி ஒற்றினார், பித்தளைக் குழாயைப் பிள்ளையின் தொண்டைக்குழியில் வைத்து உறிஞ்சினார், என் பிள்ளை வீறிட்டான், கிண்ணத்தில் துப்பினார். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஊறிப்போன முறுக்கு, அதில் ஒரு கறுப்பு எள்ளு. மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பல் முளைக்காத பிள்ளைக்கு முறுக்கு கொடுத்தது யார் என்றார். அன்றைக்கே கஞ்சி கொடுக்கச் சொன்னவள் இவள்தானே என்றார். தைலம்மாளின் வயர் கூடையை வாங்கிக் கவிழ்த்தார், மாற்றுப் புடவை, சீப்பு, பஸ் டிக்கெட், காகிதத்தில் சுற்றிய இரண்டு எள்ளு முறுக்கு. திருடி வேறு வைத்திருக்கிறாள் என்று ஆனது. தைலம்மாள் அழவில்லை, மாமியையும் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“நீ சொல்லு பாப்பா” என்றாள்.

நான் சொன்னேன். ‘எனக்கு இன்னா தெரியும், நான் உள்ள இருந்தேன்’ என்று சொன்னேன். காலையில் மாமி தொழுகையில் இருக்கும்போது பேத்திக்குக் கொடு என்று அந்த இரண்டு முறுக்கைக் காகிதத்தில் சுற்றி அவள் கூடையில் திணித்தது இந்தக் கைதான். கேட்காமல் எடுத்துக்கொடுத்தாய் என்று மாமி ஒரு வார்த்தை சொல்வார், அதற்குப் பயந்தா? அதற்குத்தான். ஒரு வார்த்தைக்கு. சிதறினதைக் கூடையில் அடுக்கினாள், முறுக்கை மட்டும் தரையிலேயே விட்டாள், போனாள், பஸ் ஏறியிருப்பாள். அன்றைக்கு மதியம் சோறு இறங்கவில்லை, நெஞ்சுக்குழியில் எரிந்தது, பால் கொடுக்கிறவளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று தண்ணீர் குடித்தேன். இன்றைக்கும் எரிகிறது. டாக்டரம்மாவிடம் பிள்ளையைச் சொன்னோம், அவரைச் சொன்னோம், என்னைச் சொல்லவில்லை. மாமி மேல் கோபம், இவர் மேல் கோபம், அந்தக் குழாய் மேல் கோபம், கடிகாரத்தின் மேல்கூடக் கோபம், யார் மேல்தான் இல்லை எனக்கு, ஒருத்தியைத் தவிர. அந்த ஒருத்தியை, என்னை, ஏழு நாளாக அந்தக் கோபம் தொடவே இல்லை.

வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம். பதினொன்றுதான் ஆகிறது, சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார் மனிதர். பாயம்மா என்று கூப்பிடுகிறார், மாமி நாற்காலி போடுகிறார், இந்தத் தரம் தட்டையும் மாமியே எடுத்துப்போகிறார், அதே டின், அதே முறுக்கு. பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லி அழைக்கிறார், தோளில் இவனோடு ஹாலுக்குப் போகிறேன், நிலைப்படியோடு நின்றுவிட்டேன். பாவாடை கொப்பளித்து முடித்து வாயைத் திறந்து காட்டுகிறார், துண்டு வாய்க்குப் போகிறது. மாமி கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“இந்தவாட்டி இன்னா வருதுன்னு பாப்போம். வூட்ல இப்ப அவளும் இல்ல.”

அவளும் இல்லை. அப்படியென்றால் யார் இருக்கிறார்கள்? இவர் கடையில், மாமி இவனைத் தொக்கம் எடுத்த நாளிலிருந்து தூக்கவே இல்லை, மிச்சம் யார்? இந்தத் தரம் துண்டிலிருந்து வரப்போகிற முறுக்கு யார் கொடுத்ததாக ஆகும்? சரேலென்று தலைக்கு ஏறியது, வாய் தானாகத் திறந்தது.

“போன வாரம் எடுத்தது நான் தட்டுல வச்ச முறுக்கு மாமி. துண்டுல ஒளிச்சி வச்சிருக்காரு, வாங்கிப் பாருங்க.”

மாமி வாங்கிப் பார்க்கவில்லை. பாவாடை பார்க்க விடவும் இல்லை, துண்டை உதறாமல் அப்படியே சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார், நம்பிக்கை இல்லாத வீட்டில் கை வைக்கமாட்டேன் பாயம்மா என்று குழாயை எடுத்துக்கொண்டு எழுந்தார், எழுந்த வேகத்தைப் பார்த்து மாமிக்கே விளங்கியிருக்க வேண்டும், கிண்ணத்தையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சொல்லிவிட்டேன், சொல்லிவிட்டேன் பார்… யாருக்காகச் சொன்னேன்? ஏழு நாள் தொண்டையில் கிடந்த பேச்சு, குழாய் என் பக்கம் திரும்பினதும்தானே வெளியே வந்தது? வாசல் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. மாமி தட்டிலிருந்த ஒரு முறுக்கை எடுத்து, எள்ளைப் பார்த்து, திரும்ப வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“அப்ப அவ கூடையில இருந்தது?”

சரியாக இந்த நேரம் பார்த்து அஷ்பாக்குக்கு ஏப்பம் வந்தது, கூடவே தயிர் மாதிரி கொஞ்சம் பாலும், என் முதுகுப் பக்கம் வழிந்தது, உடனே சிரித்தான், அவனுக்கு வந்தது போய்விட்டது. மாமி பதிலுக்குக் காத்திருக்கிறார். கடிகாரம் பதினொன்று பத்து காட்டுகிறது, ஐந்து நிமிடத்தைக் கழித்தாலும் அரை மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது, இனி இவனைப் படுக்க வைக்கலாம், தோள் விட்டுப்போகிற வலி. நான் படுக்க வைக்கவில்லை. பிள்ளை தோளில் இருக்கிறவரைக்கும் மாமி என்னிடம் சத்தம் போடமாட்டார் என்பது எனக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாகத் தெரிந்திருக்கிறது?