பகாயா மலை டாக்ஸி

பகாயா எரிமலையில் குதிரைக்குப் பெயர் டாக்ஸி. மலையேறுகிறவர்களின் முதுகுக்குப் பின்னாலேயே குதிரையோடு போக வேண்டும். அவர்களுக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் "டாக்ஸி வேணுமா?" என்று நச்சரிக்க வேண்டும். அதுதான் தொழில். நிகாசியோவின் குதிரை கனேலாவும் வந்த நாள் முதல் இப்படிப் பின்னால் நடந்தே பழகிவிட்டது. அதன்மேல் ஒருத்தரும் ஏறித் தொலைத்ததில்லை.

அன்று தலைநகரிலிருந்து வந்த ஒதிலியா அம்மாளை அவன் விடுவதாக இல்லை.

"டாக்ஸி வேணுமாம்மா?"

"போடா அந்தப் பக்கம். எனக்குக் கால் இருக்கு."

"கால் இருக்கும்மா, மூச்சுதான் இல்ல."

கறுப்புச் சாம்பல் சரிவு வந்ததும் அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். குதிரை அசையவில்லை. நிகாசியோ கயிற்றை இழுத்தான், தட்டினான், கெஞ்சினான், சோளத்தைக் காட்டினான். ம்ஹூம்.

"என்னடா, பெட்ரோல் போடலையா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இந்தச் சனியனுக்கு, மூச்சிரைக்கும் முதுகு ஒன்று முன்னால் போனால்தான் கால் எழும்பும்!

வேறு வழியில்லாமல் முன்னால் போய், கூன் போட்டு, பொய்யாக மூச்சிரைத்துக்கொண்டே ஏறினான். கனேலா குஷியாகப் பின்தொடர்ந்தது. சாம்பல் காலை வாரியது. பாதிச் சரிவில் பொய் மூச்சு நிஜ மூச்சாகிவிட்டது. சூடான பாறை என்றும் பாராமல் தொப்பென்று உட்கார்ந்தான்.

குதிரைமேலிருந்து தேனொழுகும் குரல் வந்தது:

"டாக்ஸி வேணுமா தம்பி?"