சிவப்பு அம்பு இல்லாத உறை

நான் தைத்த பையில் குறை சொல்ல இன்னொருத்தி பிறந்துதான் வரவேண்டும் என்று நான் பெருமை பேசிக்கொள்வதில்லை. அந்த இன்னொருத்தி எனக்கு முன்பே பிறந்து, என் கணவருக்கு அக்காவாகி, என் வீட்டு முன்னறையிலேயே கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார்.

அண்ணி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் செக்கிங் மேஜையில் நின்றவர். சட்டையில் தையல் விட்டிருந்தால், நூல் தொங்கினால், அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். ஓய்வு பெறும்போது எல்லோரும் சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டு போனார்கள். இவர் ஒரு பெட்டி நிறைய ஸ்டிக்கர் ரோல் கேட்டு வாங்கி வந்தார். அன்றிலிருந்து பதினோரு வருடம். நான் பள்ளிப் பை தைத்தாலும் சரி, கருவிப் பை தைத்தாலும் சரி, காலையில் எழுந்து பார்த்தால் அதில் ஒரு சிவப்பு அம்பு இருக்கும். பாதி வீண் வம்பு. மீதிப் பாதி சரிதான், ஆனால் அதை அவரிடம் ஒப்புக்கொள்ள நான் என்ன பைத்தியமா?

போன வருடம் அண்ணிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். நாலு மணி நேரம் இடது கையில் ஊசி ஏறியிருக்கும், அந்தக் கையை அசைக்கக் கூடாது. ஊசியைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். சும்மா கிடப்பதைத்தான் பொறுக்கவில்லை.

"மேல சீலிங்ல அம்பத்தாறு பலகை. அதுல நாலு கோணல். இதுக்கு மேல அங்க பாக்க ஒண்ணுமில்ல, நான் வரல" என்று இரண்டு முறை வீட்டிலேயே இருந்துவிட்டார். இரண்டாவது முறை கால் வீங்கி, மூச்சு முட்டி, அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை விட்டீங்கன்னா என்னால உறுதி சொல்ல முடியாதும்மா."

அந்தச் சமயத்தில்தான் பொது நூலகம் டயாலிசிஸ் வார்டுக்குப் பத்து மின்னூல் ரீடர்களைக் கொடுத்தது. பிடித்தால் கனமில்லை, எழுத்தை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் ஆக்கலாம், கட்டைவிரலால் தொட்டால் பக்கம் புரளும். ஒற்றைக் கையோடு கிடப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்? அண்ணி ஒரு துப்பறியும் கதைத் தொடரைப் பிடித்துக்கொண்டார், மொத்தம் பதினெட்டு பாகம். அதற்குப் பிறகு டயாலிசிஸ் நாளில் நான் செருப்பு மாட்டுவதற்குள் அவர் வாசலில் நின்றார்.

முதல் வாரமே இரண்டு ரீடர் போய்விட்டது. ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்து ஒருவர் தூங்கிவிட்டார். இன்னொன்றைச் சாவிக்கொத்தோடு ஒரே பையில் போட்டிருந்தார்கள். மேலே கீறல்கூட இல்லை, உள்ளே திரை மட்டும் நொறுங்கிப் பாதி கறுத்துப் போயிருந்தது. இரண்டுக்கும் மாற்று கொடுத்த நூலகத்து அம்மா, "இப்படியே போனா மொத்தமா எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றார்.

"உறை இல்லாம கொடுத்தா உடையாம என்ன செய்யும்? ரெண்டு நாள் கொடுங்க, பத்தும் நான் தைச்சுத் தரேன்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட வேகம் என்பதால் இதுவரை காலம் ஓடுகிறது.

நன்றாக யோசித்துத்தான் தைத்தேன். நர்ஸ்கள் எதையும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார்கள், அதனால் வெளியே துணி வேண்டாம், ரெக்சின். உள்ளே திரைப் பக்கம் மட்டும் பூப்போன்ற துணி, முதுகுப் பக்கம் கெட்டிப் பலகை, நாலு மூலையிலும் ஃபோம். மூடுவதற்கு வெல்க்ரோ வைத்தால் பிரிக்கும்போது 'பர்ர்' என்று கத்தும், பக்கத்துக் கட்டிலில் தூங்குபவர் எழுந்து திட்டுவார். ஆகவே மூடியின் ஓரத்தில் காந்தம், உறையின் வலது ஓரத்தில் ஒரு தகரப் பட்டை. மூடினால் சத்தமில்லாமல் ஒட்டும். மூடியைப் பின்பக்கம் மடித்தாலும் அதே பட்டையில் அழகாக ஒட்டி நிற்கும். அளவுக்கு ரீடரையே வைத்துத் தைக்க எனக்கு மனம் வரவில்லை. ஊசி பட்டால் என்ன ஆவது? அதே அளவில் ஒரு மரப்பலகையை அறுத்து வைத்துத்தான் தைத்துப் பார்த்தேன்.

கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். "ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க, ஸ்டாண்டுல தட்டு நிக்கிற மாதிரி நிமித்தி வைங்க. ஜன்னல் வெயில் ஆகாது. ரொம்ப நாள் எடுக்கப்போறதில்லன்னா பாதி சார்ஜ்ல வைங்க. வயித்தக் காயவும் போடக்கூடாது, முட்ட முட்ட நிரப்பவும் கூடாது." நர்ஸ் இதையெல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டினார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அதைவிடப் பெரிய சந்தோஷம் மறுநாள்தான். அண்ணியின் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு அம்பு இல்லை! பதினோரு வருடத்தில் முதல் முறை. என் கணவரிடம் மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை அவர் குளிக்கப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து நூலகத்து அம்மா பெரிய பெட்டியோடு வார்டுக்கு வந்தார். நானும் அண்ணிக்குத் துணையாக அங்கேதான் இருந்தேன்.

"ஒன்பது ரீடர் படிக்கும்போதே அணைஞ்சு போகுதாம். நாங்க வாங்கிட்டுப் போய் மேஜையில திறந்து வைச்சா ஒழுங்கா ஓடுது. இங்க வந்தா மறுபடி செத்துப்போகுது. மெஷினே சரியில்ல போல. எல்லாத்தையும் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடலாம்னு இருக்கோம்."

பக்கத்துக் கட்டில் லாரி டிரைவர், "ஒரு பக்கம் படிக்கிறதுக்குள்ள ஏழு தடவ எழுப்ப வேண்டியிருக்கு. எங்க கிளீனர்கூட இப்படித் தூங்க மாட்டான்" என்றார்.

நூலகத்து அம்மா தயங்கி, "உறை போட்ட பிறகுதான் இது ஆரம்பிச்சதுன்னு சொல்றாங்க" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரீடர்கள் போனால் அண்ணி அந்தக் கட்டிலில் படுக்க மாட்டார் என்ற பயமும் வந்தது. பயம் வந்தால் எனக்குக் குரல்தான் ஏறும்.

"உறை மேல பழி போடாதீங்க. பத்துல ஒண்ணு நல்லா ஓடுதில்ல? அதுவும் நான் தைச்ச உறையில தானே இருக்கு? எங்க அண்ணி செக்கிங்ல முப்பது வருஷம் இருந்தவங்க. அவங்களே இதுல ஒரு குறை சொல்லல. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு? இதோ பாருங்க!"

அண்ணியின் வலது கையிலிருந்து ரீடரை உருவி உயர்த்திக் காட்டினேன். எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. அப்போது உறையின் முதுகுக்கும் மடித்த மூடிக்கும் நடுவிலிருந்து ஏதோ நழுவித் தரையில் விழுந்தது. மூடி தகரப் பட்டையில் அழகாக ஒட்டிக்கொண்டது. திரை அணைந்துவிட்டது.

குனிந்து எடுத்தேன். மாத்திரைப் பெட்டி அட்டை. நாலாக மடித்து, ஓரம் நசுங்காமல் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. அதைப் பழைய இடத்தில் செருகி எழுப்பினேன், எழுத்து வந்தது. எடுத்தேன், போனது. செருகினேன், வந்தது. மூன்றாவது முறை செய்யும்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காந்தம் அருகில் வந்தால் மூடிவிட்டார்கள் என்று நினைத்து ரீடர் தூங்கிவிடுகிறது. நூலகத்து மேஜையில் மூடி விரிந்து கிடந்ததால் ஒழுங்காக ஓடியது. இங்கே எல்லோருக்கும் ஒரு கைதான். மூடியைப் பின்னால் மடித்தால்தான் பிடிக்க முடியும், மடித்தால் காந்தம் போய்ச் சரியான இடத்தில் ஒட்டும். நான் வைத்துப் பார்த்ததோ மரப்பலகை. பலகை எங்கே தூங்கப் போகிறது?

வார்டே என்னைப் பார்த்தது. அண்ணி மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடந்தார்.

யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய யானை சும்மா நின்றால் ஊர் கேலி பேசும் என்பதால் நானே பேசினேன். "மெஷின் மேல தப்பில்ல. தப்பு என் காந்தத்து மேல. திருப்பி அனுப்பாதீங்க. காந்தம் இல்லாம, முதுகுல கை நுழைக்க ஒரு வார் வைச்சு, பத்தையும் மாத்தித் தரேன். அதுவரைக்கும் எல்லாருக்கும் ஆளுக்கொரு அட்டை."

நூலகத்து அம்மா என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒரு வாரம் எடுத்துக்குங்க" என்று காலிப் பெட்டியோடு போனார். நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"எப்ப தெரியும் அண்ணி?"

அண்ணி ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "முதல் நாளே."

"ஏன் சொல்லல? நான் இங்க நின்னு மூக்கறுபடணும்னா?"

"நீ பேச ஆரம்பிச்சா நடுவுல யாரு பேச முடியும்?"

"அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் இருந்துச்சே!"

அண்ணி இன்னொரு கண்ணையும் திறந்தார். சீலிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஸ்டிக்கர கையில எடுத்தேன், இவளே. ஒட்டினா நீ பத்தையும் பிரிச்சுத் தைப்ப. என்னைய இங்க கூட்டிட்டு வந்து, நாலு மணி நேரம் காவல் காத்து, வீட்டுக்குப் போய்ச் சமைச்சு, அப்புறம் மெஷின்ல உக்காந்து ரெண்டே நாள்ல தைச்சிருந்த. அன்னைக்கு உன் கண்ணு ரெண்டும் ரத்தமாச் சிவந்து கிடந்துச்சு. இல்லாத குறையெல்லாம் இத்தன வருஷம் சொன்னேன். இருந்த குறையச் சொல்ல எனக்கு மனசு வரல. மத்தவங்களும் என்னை மாதிரி அட்டை வைச்சுக்குவாங்கன்னு நினைச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை, நன்றாகவே அழுதேன். லாரி டிரைவர் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு வாரத்தையும் முழுதாக எடுத்துக்கொண்டேன். என் கணவர் ரெக்சின் வெட்டினார், சமையலையும் பார்த்தார். காந்தத்துக்குப் பதில் எலாஸ்டிக், முதுகில் வார். இந்த முறை உண்மையான ரீடரை வைத்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சோதித்தேன். என் கணவர் சிரித்தார், சிரிக்கட்டும். பத்தும் ஒழுங்காக ஓடின.

அண்ணியிடம் முதல் உறையைக் கொடுத்தேன். அவர் வாருக்குள் கையை நுழைத்தார், மடித்தார், திருப்பினார், ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். திரை தூங்கவில்லை. பிறகு தலையணைப் பக்கம் இருந்த கைப்பையைக் காட்டி, "அந்த ரோலை எடு" என்றார். நானே எடுத்துப் பிரித்துக் கொடுத்தேன். வாரின் ஓரத்தில் சிவப்பு அம்பு ஒன்று உட்கார்ந்தது.

"நூல் தொங்குது."

"எங்க தொங்குது? இன்னைக்கு மட்டும் மனசு வந்துச்சாக்கும்?"

அண்ணி என் முகத்தை ஒரு சட்டையைப் பார்ப்பதுபோல் நிதானமாகப் பார்த்தார்.

"வராம? இன்னைக்கு உன் கண்ணு தெளிவா இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் பதினோராம் பாகத்தைத் திறந்தார்.