கரி படிந்த சக்கரம்

என் கணக்கு எழுபத்திரண்டு என்றது. என் வீட்டுக்காரர் சோதித்துப் பார்த்துவிட்டு அறுபத்தெட்டு என்றார். இந்த நாலுக்காகத்தான் அவர் வேலைக்கே வேட்டு வைக்கப் பார்த்தேன்.

எஞ்சின் தள்ளும் புகையில் சுழலும் டர்போ சக்கரம் அது, உள்ளங்கையில் அடங்கிவிடும். புகையின் சக்தியில் நூற்றுக்கு எத்தனை பங்கு அதற்குக் கிடைக்கிறது, மீதி எங்கே வீணாகிறது என்று கணினியில் கணக்குப் போடுவது என் வேலை. அதே சக்கரத்தை நிஜமாகவே சுழலவிட்டு அளப்பது அவர் வேலை. ஒரே கம்பெனி, ஒரே வீடு. வீட்டில் ஆபீஸ் பேச்சு எடுக்கக்கூடாது என்பது கல்யாணமான புதிதில் நான் போட்ட சட்டம்.

திங்கட்கிழமை அறிக்கை கொடுத்தேன். என் கணக்கில் பிழையில்லை, டெஸ்ட் ரூம் குழாய்களில் எங்கோ கசிவு, அளப்பவருக்குக் கவனம் போதாது என்று எழுதினேன். எழுதும் முன் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புருஷன் என்றுகூடப் பார்க்கவில்லையே என்று நாலு பேர் மெச்சியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை மீட்டிங்ல முடிவு பண்ணிடலாம்மா. அவரை ஸ்டோர்ஸுக்கு மாத்திடுறேன்."

பதினாறு வருஷம் அந்த ரூமில் நின்ற மனுஷன். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எண் எண்தானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை சாப்பிட உட்கார்ந்தால், என் தட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சக்கரம். கரியோடு!

"சாப்பிடுற இடத்துல இந்தக் கருமத்தை எதுக்குங்க கொண்டாந்து வச்சிருக்கீங்க?"

"சும்மாதான்," என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார்.

எடுத்துத் தூர வைக்கப் போனவள் நின்றேன். ஒவ்வொரு பிளேடின் நுனியிலும் கரி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவி, வளைந்து கோடு போட்டிருந்தது. பிளேடு நுனிக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. அதன் வழியாகப் புகை நழுவிப்போன தடம் அது. என் கணினிப் படத்தில் அப்படி ஒரு தடத்தை நான் பார்த்ததே இல்லை.

ஆபீஸுக்கு ஓடிப்போய் ஃபைலைத் திறந்தேன். மூன்று மாதம் முன்பு கணக்கு ஒரு விடையில் நிலைக்காமல் ஆட்டம் காட்டியது. முதலில் ஓடட்டும், அப்புறம் திறந்துகொள்ளலாம் என்று கணினிப் படத்தில் அந்த இடைவெளியை அடைத்து, "தற்காலிகம்" என்று பெயர் போட்டுச் சேமித்திருந்தேன். திறக்கவே இல்லை. அதற்குப் பிறகு போட்ட பதினோரு கணக்கும் அதன் நகல்தான். அடச்சீ! எங்கே நழுவுகிறது என்று தேட வேண்டியவள், நழுவும் வழியையே அடைத்துவிட்டு அடுத்தவர் குழாயில் ஓட்டை தேடியிருக்கிறேன்.

இடைவெளியைத் திறந்து மறுபடி ஓடவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை வந்த விடை, அறுபத்தெட்டு புள்ளி மூன்று.

மீட்டிங்கில் எழுந்து சொன்னேன்.

"அப்போ மூணு மாசமா தப்பான கணக்கா?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார். தப்பு என்னோடதுதான். டெஸ்ட் ரூம்ல ஒரு குறையும் இல்ல."

என் வீட்டுக்காரரை மாற்றவில்லை, டெஸ்ட் ரூமிலேயே நீடித்தார். அந்தச் சக்கரத்தின் கணக்கு வேலை என் கையைவிட்டு இன்னொருத்தருக்குப் போனது. மெச்சிய நாலு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"திங்கக்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

"அறிக்கையில உன் கம்ப்யூட்டர் படத்தைப் பார்த்ததுமே சந்தேகம்தான்."

"அப்புறம் ஏன் வாயைத் தொறக்கல? ஸ்டோர்ஸுக்குத் தூக்கிப் போட்டிருப்பாங்களே!"

"நாலு பேர் முன்னாடி கேட்டா உனக்கு அசிங்கம். வீட்டுல கேக்கலாம்னா, நீதான் சட்டம் போட்டு வச்சிருக்கியே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. பஸ்ஸில் ஏறியதுமே ஆபீஸ் பேச்சை எடுத்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிய பிறகும் நிறுத்தவில்லை.