நாலாம் நம்பர் மருந்து

விடியற்காலையில் பருத்திக் காட்டுக்குள் புகுந்தால் அரை நாழிகையில் இடுப்புவரை நனைந்துவிடும். இலை இலையாகப் புரட்டிப் புழு எண்ணுகிற வேலை. பனி ஈரத்தில் விரல் மரத்துப்போகும். வெயில் ஏறினால் புழு மறைந்துகொள்ளும் என்பதால், ஆராய்ச்சிப் பண்ணையின் கூலிப் பெண்கள் ஆறு மணிக்கே ஆளுக்கொரு வரிசை பிடித்தாக வேண்டும். அவர்கள் சொல்லச் சொல்ல ஆய்வு மாணவன் ஜெரோம் நோட்டில் எழுதிக்கொள்வான். அந்த நோட்டு கட்டுரையாகிச் சீமைக்கெல்லாம் போகும். எண்ணியவள் பெயர் அதில் ஒரு மூலையிலும் இருக்காது.

அவர்களில் ஒருத்தியான தெய்வாத்தாளுக்கு அன்றைக்குத் தூக்கமில்லாமல் கண்ணெல்லாம் எரிந்தது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் தங்கச்சி கனகத்தை விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் கிணத்துக்கடவு வந்து இறங்கியிருந்தாள். முந்தின நாள், பூச்சிமருந்தடித்த ஈரம் காயுமுன்னே கனகத்தை நாலாம் நம்பர் பாத்திக்குள், செடிகளில் அடையாள அட்டை கட்ட அனுப்பிவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் வாயில் நுரை. என்ன மருந்து என்று தெரிந்தால்தான் சரியான மாற்று மருந்து கொடுக்க முடியும் என்றார் டாக்டர். டப்பாவில் நாலு என்ற எண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியர் லட்சுமணசாமி, புழு எண்ணும் நேரத்துக்குத்தான் காட்டுக்கு வருவார். அவரைப் பிடிக்கத்தான் அவள் வந்தாள்.

ஜீப் வந்து நின்றது.

"சார், கனகம் பேச்சு மூச்சில்லாமக் கெடக்கறாளுங்க. மருந்துப் பேரைச் சொல்லுங்க."

"எனக்கே தெரியாதம்மா. மருந்துக் கம்பெனிக்காரங்க பேரைக் கவருக்குள்ள வெச்சு, சீல் போட்டுக் குடுத்திருக்காங்க. அறுவடை முடிஞ்சுதான் பிரிக்கணும். இப்பவே பிரிச்சா சோதனை செல்லாது. மூணு வருஷ ஆராய்ச்சி."

"அவ செத்துப்போனாச் செல்லுமுங்களா?"

அவர் முகம் சுருங்கியது. "கம்பெனிக்கு எழுதறேன். ரெண்டு நாள்ல பதில் வரும். ஜெரோம், எண்ணிக்கையை வாங்கு."

ரெண்டு நாள்! அதுவரை கனகம் தாங்குவாளா?

"அக்கா, உங்க வரிசையில எத்தனை?" என்றான் ஜெரோம், நிமிர்ந்து பாராமல்.

"எண்ணிப்போட்டேன். சொல்ல மாட்டேன்."

"ராசம்மாக்கா?"

"நானும் எண்ணியாச்சுங்க. கவரைப் பிரிங்க, சொல்றேன்."

வரிசை வரிசையாக அதே பதில் வந்தது. மருந்துப் பேர் தெரியாமல் எண்ணிக்கை தருவதில்லை என்று, ஜீப் வருமுன்னே, குனிந்தபடியே செடிகளுக்கிடையில் கிசுகிசுத்து முடிவெடுத்திருந்தார்கள்.

பேராசிரியர் குரல் உயர்ந்தது. "இன்னைக்கு எண்ணிக்கை விட்டுப்போனா என்னாகும் தெரியுமா?"

"சோதனை செல்லாதுங்க. அது தெரிஞ்சுதான் வாயை மூடிட்டு நிக்கறோம்" என்றாள் ராசம்மாள்.

"நாளையிலிருந்து ஒருத்தியும் பண்ணைக்குள்ள கால் வைக்கக் கூடாது!"

யாரும் நகரவில்லை. அவர் பங்காரம்மாவிடம் போனார். இருபது வருஷமாகத் தினக்கூலி. எதிர்த்து ஒரு சொல் பேசியறியாதவள்.

"நீ சொல்லு. உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி இந்த மாசம்தான் எழுதியிருக்கேன். மறந்துடாதே."

பங்காரம்மா தன் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் சொல்லிவிட்டாலும் தெய்வாத்தாளால் கோபித்துக்கொள்ள முடியாது. மூன்று பிள்ளைகளுக்கு அவள் ஒருத்திதான் சோறு.

"என் வரிசையில நெறையா இருக்குதுங்க" என்றாள் பங்காரம்மா. "எத்தனைன்னு கவரைப் பிரிச்சப்புறம் சொல்றனுங்."

ஜெரோம் நோட்டை மூடினான். அவனுடைய பட்டமும் அதற்குள்தான் இருந்தது. "சார், கவர் இருக்கற பீரோ சாவி உங்ககிட்டத்தானே இருக்கு?"

வெயில் செடி நுனியைத் தொட்டது. இனி வேறு ஆள் விட்டும் எண்ண முடியாது. பேராசிரியர் வானத்தைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். ஆபீஸ் பக்கம் விடுவிடுவென்று நடந்தார். கவரைப் பிரிக்கப் போகிறாரா, போலீசுக்குப் போன் போடப் போகிறாரா, தெரியவில்லை. பெண்கள் அத்தனை பேரும் வரப்பேறி அவர் பின்னால் போனார்கள்.

பின்தங்கிய தெய்வாத்தாளின் கையைப் பங்காரம்மா பிடித்து இழுத்தாள்.

"நட அம்மணி. நாங்கெல்லாம் இருக்கறோம், வெரசா நட."