நின்ற இடத்தில் ஓடிய வண்டி

"நான் எடுக்கல, எடுக்கல, எடுக்கவே இல்ல. இன்னும் எத்தனை தடவை—"

"அப்ப நாற்பத்தேழு கிலோமீட்டர் யாரு போனா? நானா? எனக்கு ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பணும்னே—"

"மேல போட்ட உறையைக்கூடக் கழட்டலைங்கறேன்—"

"உங்க நோட்டு, உங்க கையெழுத்து. நேத்து காலையில ஒரு நம்பர், இன்னைக்குக் காலையில ஒரு நம்பர். நடுவுல நாற்பத்தேழு. வண்டி என்ன, தனியா வாக்கிங் போயிட்டு வந்துச்சா?"

வண்டி எங்கும் போகவில்லை. வாங்கிய நாளிலிருந்து முன்வாசல் தகரக் கூரையின் கீழே, சாம்பல் நிற உறைக்குள், நின்ற இடத்திலேயே நின்றது. நின்ற இடத்திலேயே அன்றைக்கு நாற்பத்தேழு கிலோமீட்டர் ஓடியும் இருந்தது. அதற்கு முந்தின நாள் முப்பத்தொன்று. அதற்கும் முந்தின நாள் மழை, ஆகவே பன்னிரண்டு.

சண்டை போட்டவர்களில் ஒருவர் மின்சார இலாகாவில் முப்பத்து நான்கு வருஷம் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு மீட்டர்காரர் என்றே பெயர். இன்னொருவர் அவர் மனைவி, முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவர், தையல்காரம்மா. கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அந்த அம்மாள் கணவரைச் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை. பழக்கமில்லாத வேலை என்பதால் கொஞ்சம் சத்தமாகச் செய்தார்.

வண்டி, அந்த வருஷம் விற்றவற்றிலேயே விலை குறைந்தது. கம்பெனி அதற்கு ஏதோ பெயர் வைத்திருந்தது, யாரும் அதைச் சொல்வதில்லை. தீப்பெட்டி என்றால் எல்லோருக்கும் புரிந்தது. வாங்கினவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஏசி போட்டால் ஏற்றத்தில் ஏறாது, ஏற்றத்தில் ஏற வேண்டுமானால் ஏசி கிடையாது, இரண்டில் எது வேண்டும் என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம், அந்தச் சுதந்திரம் வேறு எந்த வண்டியில் இருக்கிறது என்றார் மருந்துக்கடைக்காரர். கதவுக் கைப்பிடி கையோடு வந்துவிட்டது என்றும், அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேண்டும்போது மாட்டித் திறப்பதாகவும், மற்றபடி ஒரு குறை சொல்ல முடியாது என்றும் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் சொன்னார். ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தும் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து.

மீட்டர்காரருக்கு அதை ஓட்டும் ஆசை இருந்ததில்லை. அது தேயாமல் இருக்க வேண்டும் என்பதே ஆசை. வேலையில் நான்கு சைக்கிளைத் தேய்த்தவர் அவர், செருப்புக்குக் கணக்கே இல்லை. தன் பேரில் உள்ள ஒரு பொருளாவது புதிதாகவே இருந்து பார்க்க வேண்டும் என்று வாங்கினார். மனைவியை அழைத்துக்கொண்டு கடல் பார்த்து வருவதாக ஒரு பேச்சு உண்டுதான். முதலில் மழை முடியட்டும் என்றார், அப்புறம் ரோடு போட்டு முடிக்கட்டும் என்றார். தினமும் காலையில் உறையின் ஓரத்தைத் தூக்கி, டார்ச் அடித்து, கிலோமீட்டர் எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதுவார். ஓடாத வண்டிக்கு எதற்கு இது என்று யாரும் கேட்கவில்லை. மீட்டர் பார்த்த கை சும்மா இருக்காது என்று தெருவுக்கே தெரியும்.

எண் ஏறத் தொடங்கியதும் அவருக்கு வந்த முதல் எண்ணம், யாரோ கொக்கி போடுகிறார்கள் என்பது. கம்பத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் திருடுகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். கிலோமீட்டரையும் அப்படித்தான் திருட வேண்டும் என்று வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒரு நாள் முழுக்கக் கம்பி தேடினார். கம்பி இல்லை. சக்கரத்தின் உட்பக்கம் ஈரமான சிவப்பு மண்ணும், அந்த ஊரில் எங்கும் இல்லாத ஒரு மரத்தின் இலையும் இருந்தன. மறுநாள் நான்கு சக்கரத்திலும் கம்பி கோத்து, ஈயத்தை வைத்து நசுக்கி, இலாகா முறைப்படி சீல் வைத்தார். சீல் உடையவில்லை. எண் ஐம்பத்து மூன்று ஏறியிருந்தது.

அங்கேதான் அவர் மாட்டிக்கொண்டார். இலாகாவில் ஒரு விதி உண்டு. சீல் உடையாமல் இருந்தால் மீட்டர் சொல்வதே உண்மை. "மாசம் பூரா வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிருந்தோம் சார்" என்று கண்ணைக் கசக்கினவர்களிடமெல்லாம் அவர் முப்பத்து நான்கு வருஷம் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்: "மீட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா." அந்த விதிப்படி ஐம்பத்து மூன்று கிலோமீட்டர் போனது அவரேதான். மனைவியிடம் போய் நின்றார்.

"ரூல்படி பார்த்தா நான்தான் போயிருக்கணும்."

"எங்க போனீங்க?"

"அதான் தெரியல."

மறுநாள் காலை தையல்காரம்மா, தைக்க வேண்டிய இருபது காற்சட்டைகளை எடுத்துக்கொண்டு போய், பக்கத்து உறையைச் சுருட்டி மேலே போட்டுவிட்டு, வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தார். பட்டன் வைப்பதற்கு எங்கே உட்கார்ந்தால் என்ன. சாயங்காலம்வரை வண்டி அசையவில்லை, சீல் உடையவில்லை, கணவர் வாசற்படியை விட்டு நகரவில்லை. எண் அறுபத்திரண்டு ஏறியது. அந்த அம்மாளுக்குப் பஸ்ஸில் இரண்டு ஸ்டாப்பிங் தாண்டினாலே குமட்டும். நான்கு மணிக்குக் கதவைத் திறந்து ஓடிப்போய் வாசலில் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து சொன்னார்:

"நீங்க போகலைங்க. வண்டிதான் போகுது. நிறைய வளைவு."

அன்றோடு சந்தேகம் தீர்ந்தது, ஆவல் பிடித்துக்கொண்டது. தினமும் தையலை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். கண்ணாடிக்கு வெளியே எப்போதும் அதே சுவர், அதே குழாய். ஆனால் வயிறு சொன்னது, இது ஏற்றம், இது பாலம், இங்கே ரோடு போட்டுப் பாதியில் விட்டிருக்கிறார்கள். சீருடை வெட்டும் காகிதத்தின் பின்பக்கத்தில் வயிற்றை வைத்தே ஒரு வரைபடம் போட்டார். பதினோரு வளைவுக்கு அப்பால் வண்டி எங்கோ நிற்கும், சில நாள் ஒரு மணி நேரம், சில நாள் ஐந்து மணி நேரம். திரும்பும்போது எப்போதும் மெதுவாக வரும். குமட்டல் பாதி பழகிவிட்டது.

மூன்றாம் வருஷம் நான்கு டயரும் வழுக்கையாகிவிட்டன. மீட்டர்காரர் சீலை அறுத்து, இரண்டு தெரு தள்ளி இருந்த மெக்கானிக்கிடம் வண்டியை ஓட்டிப் போனார். அப்படி ஓட்டிய ஒன்றரைக் கிலோமீட்டருக்கு எண் நகரவில்லை என்பதைக் கவனித்து நோட்டில் எழுதினார்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "சார், உறைக்குள்ள வெச்ச வண்டின்னு வேற யார்கிட்டயாவது சொல்லுங்க. கிளட்ச் கருகிக் கிடக்கு. மலையில நாயா ஓடின வண்டி இது."

"வாசலைத் தாண்டல."

"அது சரி. இதே தீப்பெட்டி, இதே கலர், பக்கத்து ஊர்லேர்ந்து ஒரு நர்சம்மா கொண்டு வருவாங்க. மலைக்கிராமம் அத்தனைக்கும் பிரசவம் பார்க்கப் போறவங்க. மூணு வருஷமா ஒரு நட்டு மாத்தல. சீட்டுல போட்ட பாலித்தீன் வாசனைகூடப் போகல. நான் ஏதோ என் கைராசின்னு நினைச்சுட்டேன்." அந்தக் கைராசியை நம்பி ஷெட் வாசலில் ஒரு பலகைகூட எழுதி மாட்டியிருந்தார்.

இருவரும் வண்டியில் பொறித்த எண்ணைப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். புத்தகத்தில் கடைசி இலக்கம் ஒன்று கூடுதலாக இருந்தது. நர்சுக்குப் போன் போட்டுக் கேட்டதில், அவர் புத்தகத்தில் ஒன்று குறைவாக இருந்தது. இரண்டு வண்டியும் ஒரே நாளில், ஒரே கடையில், அடுத்தடுத்து வாங்கியவை. கடைக்காரர்கள் புத்தகத்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மீட்டர்காரருக்கு உடனே விளங்கிவிட்டது. சுவர் ஒட்டிய வீடுகளில் இரண்டு மீட்டரின் அட்டையும் மாறிப்போய், பக்கத்து வீட்டு வெளிச்சமெல்லாம் இருட்டில் இருந்தவன் பேரில் ஏறுவதை அவர் பார்த்திருக்கிறார். பெட்ரோல் அவரவர் போட்டது அவரவருக்கு. தேய்மானம் மட்டும் பேப்பரில் உள்ள பேருக்குப் போய்ச் சேர்ந்தது.

"இப்படியே போனா இன்னும் ரெண்டு வருஷம் சார். அப்புறம் இரும்புக்கடைதான். பேப்பரைத் திருத்திடுங்க" என்றார் மெக்கானிக்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நர்சு வந்தார். நாற்பது வயது, வேகமாக நடக்கிறவர், உட்காரச் சொன்னால் நாற்காலியின் நுனியில் உட்காருகிறவர். தையல்காரம்மா வரைபடத்தை முன்னால் விரித்து வைத்து, அவரைப் பேசவே விடவில்லை.

"ஏம்மா, வெள்ளிக்கிழமை பாலத்துல அவ்வளவு வேகம் எதுக்கு? என் ஊசியெல்லாம் கொட்டிப் போச்சு."

நர்சு வரைபடத்தைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார். "இரட்டைக் குழந்தை, அக்கா. ஒண்ணு குறுக்க கிடந்தது."

"ரெண்டும்?"

"ரெண்டும் நல்லா இருக்கு."

"அதானே, திரும்பறப்ப அலுங்காம வந்தியே."

பிறகு நர்சு மீட்டர்காரரிடம் திரும்பினார். "மாத்திடுங்க சார். உங்க பொருளை நான் இத்தனை நாள் தேய்ச்சதே பெரிய பாவம். கையெழுத்து எங்க போடணும்?" போட்டுக் கொடுத்துவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போனார். போன ஐந்தாவது நிமிஷம் எண் ஒன்று ஏறியது.

மீட்டர்காரர் விண்ணப்பத்தோடு பதிவு அலுவலகத்துக்குப் போனார். திருத்தினால் மூன்று வருஷத் தேய்மானமும் ஒரே மூச்சில் அந்த வண்டிக்குப் போகுமா, இனிமேல் வருவது மட்டும் போகுமா என்று கேட்டார். ஜன்னலில் இருந்த எழுத்தர் இரண்டு நகல் வேண்டும் என்றார்.

"எத்தனை மணிக்கு முத்திரை குத்துவீங்க?"

"கை ஒழியறப்ப."

"இன்னைக்கா, நாளைக்கா?"

"இன்னைக்கா இருக்கலாம், அடுத்த வாரமா இருக்கலாம். உங்களுக்கு எதுக்கு சார் டைம் எல்லாம்? ஜாதகமா எழுதப் போறீங்க?"

மீட்டர்காரர் டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்தார். பதினோரு வளைவு. நர்சு எந்த வளைவில் இருக்கும்போது இந்த ஆள் கை ஒழிந்து, கருகின கிளட்ச்சும் வழுக்கை டயரும் அந்த வண்டிக்குப் போய்ச் சேரும் என்று யாருக்கும் தெரியாது. அங்கிருந்தே நர்சுக்குப் போன் போட்டு, ஒரு வாரம் வண்டியை எடுக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டார். நர்சு, "வலி வந்துச்சுன்னு கூப்பிட்டா நான் போயே ஆகணும் சார். நீங்க யோசிக்காதீங்க, குடுத்துடுங்க" என்றார். போனில் அவர் குரலுக்குப் பின்னால் அந்த வண்டியின் சத்தமும், ஒரு பெண்ணின் அலறலும் கேட்டன. ஜன்னலில் மீட்டர்காரரின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்தார். ஜன்னலுக்குப் போகாமல் வாசலுக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தை மேசையில் வைத்ததும் தையல்காரம்மா அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஒரு சட்டையின் கைக்கு அதில் அளவு வெட்டிக்கொண்டார்.

அதன்பிறகு அந்த வண்டிக்கு நடந்த பராமரிப்பு வேறு எந்தத் தீப்பெட்டிக்கும் நடந்ததில்லை. ஐந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, நின்ற இடத்திலேயே, எண்ணெய் மாற்றினார்கள். மழைக்காலத்துக்கு முன் புது டயர். பிரேக் கட்டை வருஷத்துக்கு இரண்டு ஜோடி. செலவை நர்சையும் சேர்த்து மூன்று பேரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள், அதில் சண்டை வரவில்லை. எஞ்சினை இரண்டு தடவை இறக்கி ஏற்றினார்கள். அந்த இரண்டு நாளும் நர்சின் வண்டி மலையில் இன்னும் நன்றாக இழுத்ததாம். ஒருநாள் கம்பெனியிலிருந்து ஒருவர் தாளும் பேனாவுமாக வந்து, வண்டி நம்பகமானதா, உரிமையாளர் என்ற முறையில் உங்கள் அனுபவம் என்ன என்று கேட்டார்.

"ஒரு நாளும் வழியில நின்னதில்ல."

"எவ்வளவு ஓடியிருக்கு?"

"ஒரு லட்சத்து நாற்பதாயிரம்."

"எங்கெல்லாம் போவீங்க?"

"எங்கயும் போறதில்ல."

வந்தவர் இரண்டையும் எழுதிக்கொண்டு போனார்.

நடுவில் ஒரு தடவை கடல் பார்க்கவும் போனார்கள். தேய்ந்த வண்டிக்கு இனி என்ன காபந்து என்று மீட்டர்காரரே சாவியை எடுத்தார். போக வர நூற்று அறுபது. அலையில் நின்றார்கள், காலைத் துடைக்காமல் ஏறி வந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் எண்ணில் மாற்றம் இல்லை, உள்ளே ஒரு மணல்துகள் இல்லை. மறுநாள் காலை போன் வந்தது. "சார், கடலுக்குப் போனீங்களா? வண்டியெல்லாம் மணல். ஒரு சிப்பிகூடக் கிடக்கு, அக்காவுக்கு எடுத்து வைக்கவா?"

ஒன்பதாம் வருஷம், ஒரு திங்கட்கிழமை, எண் ஏறவில்லை. மீட்டர்காரர் எண்ணுக்கு மேலிருந்த கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். செவ்வாய்க்கிழமையும் அதே எண். ஒரு காலத்தில் இந்தச் செய்திக்காக அவர் எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பார். புதன்கிழமை மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வண்டியில் ஒரு பழுதும் இல்லை என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார். தையல்காரம்மா வழக்கம்போல் ஏறி உட்கார்ந்தார். ஏற்றம் வரவில்லை, பாலம் வரவில்லை. மதியம் சோற்றை முழுசாகச் சாப்பிட்டார், குமட்டவில்லை, அதுவே அவருக்கு என்னவோ போல் இருந்தது. வியாழக்கிழமை மீட்டர்காரர் உறையைத் தூக்கிப் பார்த்து, முந்தின மூன்று நாளின் எண்ணையே நான்காவது வரியிலும் எழுதி, பேனாவை மூடாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். தையல்காரம்மா பின்சீட்டிலிருந்து கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

"ஒரே நம்பரை எத்தனை நாளைக்குங்க எழுதுவீங்க? அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டு, உடம்பு கிடம்பு நல்லாத்தான் இருக்கான்னு கேக்கக்கூடாதா?"