ஐந்தே முக்கால் பஸ்

ஃப்ரேமுக்குக் காலி இடம் என்றாலே ஆகாது. பதினெட்டு வருஷமாக அரசாங்கச் செய்தித் துறையில் போட்டோ எடுக்கிறவர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோகும் அளவுக்கு எல்லோரும் "ஃப்ரேம்" என்றே கூப்பிட்டார்கள். படத்தில் ஒரு மூலை வெறிச்சென்று இருந்தால் கண்ணில் தூசி விழுந்தவர் மாதிரி துடிப்பார். தன் கல்யாணத்திலேயே பாதியில் எழுந்து போய், இடது பக்கம் காலியாக இருக்கிறதென்று மாமனாரை நாற்காலியோடு தூக்கி நகர்த்தி வைத்த ஆள்.

தலைவரை அவர் எடுக்காத கோலம் கிடையாது. தலைவர் ஏர் ஓட்டினார், செங்கல் அடுக்கினார், ஆபரேஷன் தியேட்டரில் கத்தியோடு நின்றார். ஐந்து ஆறுகளில் ஐந்து பெரிய மீன் பிடித்தார். ஐந்தும் ஒரே மீன்தான். ஐந்தாவது ஆற்றங்கரையில் கூட்டம் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் தொடையில் தட்டிப் பாராட்டியது.

இந்தத் தடவை வந்த உத்தரவு: தலைவர் மக்களோடு மக்களாகப் பஸ்ஸில் போக வேண்டும். அதற்கு மேட்டுத் தெருவைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே பஸ் ஓடுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்ததால் எந்த இடைஞ்சலும் இல்லை, காலை வெயிலும் சாய்வாக அழகாக விழும். புது பெயிண்ட் அடித்த பஸ் ஒன்று வந்தது. பயணிகளாகத் துறை ஆட்கள் முப்பது பேர் ஏறி உட்கார்ந்து, மாதச் சம்பளக்காரர்களின் களைப்பை முகத்தில் வரவழைத்துக்கொண்டார்கள். அதற்கு நடிப்பே தேவைப்படவில்லை.

அந்தத் தெருவில்தான் ஃப்ரேமின் அக்கா வீடு. பஸ் சத்தம் கேட்டு ஒரு காலை இழுத்துக்கொண்டே ஓடி வந்தார்.

"டேய் தம்பி, நிஜ பஸ்ஸாடா இது? என்னைக் கிள்ளு பார்ப்போம்!"

"படத்துக்குத்தான்க்கா. பத்து மணிக்குப் போயிடும்."

அக்காவின் முகம் காற்றுப் போன பலூனாகச் சுருங்கியது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷ வேலை. அவர் கை படாத போர்வையில் அங்கே ஒரு நோயாளியும் குணமானதில்லை. போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம் நடை. மூட்டு தேய்ந்து, இனி நடந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இந்த மாசத்தோட வேலையை விட்டுடறேன்டா. அந்தப் பெரிய மெஷின் என்னை விட்டா வேற யார் திட்டினாலும் கேக்காது. என்ன பண்றது?"

ஃப்ரேம் கேமராவுக்குள் கண்ணை நுழைத்துக்கொண்டார். நுழைத்ததும் பதறிப்போனார். இடது பக்கம் மொட்டைக் கம்பம்! ஒரு போர்டுகூட இல்லை!

அவசரமாக ஒரு பலகை கொண்டுவரச் செய்து, வெள்ளையடித்து, தூரிகையை எடுத்தார். "அக்கா, சும்மா நாலு பஸ் டைம் சொல்லு. இடம் நிரம்பணும்."

அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "காலைல அஞ்சே முக்கால். ஆறரைக்கு எனக்கு ஷிப்ட். அப்புறம் ஏழே கால், ஸ்கூல் பசங்களுக்கு. சாயந்திரம் மூணு மணி, ஆறு மணி."

"ஞாயித்துக்கிழமை?"

"வேணாம். தூங்கணும்."

'ஞாயிறு விடுமுறை' என்று அடியில் எழுதி மாட்டினார். தலைவர் வந்தார், பலகையைப் பார்த்தார்.

"என்னய்யா, நாலுதானா? நம்ம ஆட்சியில நாலே பஸ்ஸா?" தூரிகையைப் பிடுங்கி, 'பகல் 11.30' என்று தன் கையாலேயே யானை சைஸில் எழுதினார். ஃப்ரேம் அமுக்கினார்.

மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம் அந்தப் படம்தான்: 'மக்களுக்காகத் தம் கையாலேயே பஸ் நேரம் எழுதும் தலைவர்'.

அதற்கு அடுத்த நாள் ஐந்தே முக்காலுக்கு அக்கா பத்திரிகையோடு கம்பத்தடியில் நின்றார். அவர் பின்னால் தெருவே நின்றது. பத்து வருஷமாகப் படுக்கையை விட்டு எழாதவர்கள்கூட நின்றதாகப் பேச்சு. பஸ் வரவில்லை. கூட்டம் அப்படியே பஸ் டெப்போவுக்குப் போனது. அக்காவை ஒரு தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிப்போனார்கள்.

டெப்போ மேலாளர் கைகூப்பினார். "அம்மா, அது வெறும் படம்மா."

"அப்போ தலைவர் எழுதினது பொய்யா? பொய்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, நான் பேசாம நடந்தே போறேன்."

மேலாளரின் பேனா கீழே விழுந்தது. அந்த ஒரு வரியை எழுத ஏழு அலுவலகங்களில் ஆளில்லை. விஷயம் உருண்டு உருண்டு செய்தி அதிகாரியின் மேஜைக்கு வந்து, அவர் ஃப்ரேமைக் கூப்பிட்டார்.

"யோவ், யாரைக் கேட்டுய்யா அந்த நேரமெல்லாம் எழுதினே? உன் வேலை போயிடும், தெரியுமா?"

ஃப்ரேமுக்கு முழங்கால் ஆடியது. அக்காவின் முழங்கால் ஞாபகம் வந்ததும் ஆட்டம் நின்றது.

"எங்க அக்கா சொன்னாங்க சார். நாலு நான் எழுதினேன், அஞ்சாவது ஐயா எழுதினது. பலகையை எடுக்கணும்னா சொல்லுங்க, எடுத்துடறேன். ஐயா கையெழுத்தை யார் சொல்லி அழிச்சேன்னு கேட்டா உங்க பேரைச் சொல்லலாமா?"

அதிகாரி ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார். பிறகு போனை எடுத்தார்.

திங்கட்கிழமை பஸ் வந்தது. ஆறு நிமிஷம் தாமதம்.

"மணி என்ன ஆச்சு? போர்டு பாக்கலையா நீங்க?" படியில் கால் வைக்கும்போதே அக்கா டிரைவரைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, படியில நின்னு திரும்பி ஒரு சிரிப்பு!" கேமராவோடு கெஞ்சினார் ஃப்ரேம். "கொஞ்சம் இடது பக்கமா—"

"போடா, எனக்கு நேரமாச்சு! டிரைவர் அண்ணே, நீங்க வண்டியை எடுங்க!"

பஸ் போய்விட்டது. ஃப்ரேமின் கேமராவில் விழுந்தது வெறும் கம்பமும், கொஞ்சம் புகையும், ஆளில்லாத தெருவும்தான். அத்தனை காலி இடம் அவர் படத்தில் விழுந்தது அதுதான் முதல் தடவை. பெரிதாக்கி, வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

பகல் பதினொன்றரை பஸ்ஸில்தான் இன்றுவரை ஏற ஆளில்லை. ஆனால் அது மட்டும் ஒரு நொடி பிசகாமல் வருகிறது.